தேர்க்காலும் மோட்டார் வண்டியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





இந்த மேடையிற் பேசுவோர் வழக்கமாகச் சமயத்தையோ இலக்கியத்தையோ எடுத்துக்கொள்வர். வீதிச் சட்டத்தைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி எம்மைக் கேட்டபொழுது சற்றுத் தயங்கினோம். நாம் இன்னும் பட்டம் பெறாத மாணவர். சட்டத்தரணிகளும் இளைப்பாறிய உத்தியோகத்தர்களும் வீற்றிருக்கும் சபையிற் சட்டம் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் சென்ற ஆண்டு எமது ஊரில் நிகழ்ந்த ஒரு துக்கம் எம்மை இதனைப் படிக்கத் தூண்டியது. படித்ததை உங்களுடன் பகிர்ந்துகொள்வது எமது கடன் என்று எண்ணியே வந்திருக்கிறோம்.

அந்தத் துக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அதிகாலையிற் கோவிலுக்குப் பூக்கூடையோடு சைக்கிளிற் சென்ற முதியவர் ஒருவரைச் சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் மோதியது. அவர் வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே உயிர் நீத்தார். மோட்டார் சைக்கிளை ஓட்டியவன் எம்முடன் பந்து விளையாடியவன். இரு வீடுகளுக்கும் இடையே நான்கு வேலிகளே உண்டு. வழக்கு முடிந்த நாளில் அவனுக்குத் தண்டப்பணமும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டன. சாரதி அனுமதிப்பத்திரமும் சில காலத்துக்கு நிறுத்தப்பட்டது. நீதிமன்ற வாசலில் இறந்தவரின் மகள், "எங்கடை ஐயாவின்ரை உயிருக்கு இவ்வளவுதானோ?" என்று கேட்டார். சற்றுத் தள்ளி நின்ற அவனுடைய தாயாரோ, "என்ரை பிள்ளையைக் கொலைகாரன் எண்டு சொல்லுகினமே, அவன் கொலைகாரனோ?" என்று அழுதார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். வீதியில் உயிர் போகும் ஒவ்வொரு நாளும் சட்டம் இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே தீர்ப்பில் மறுமொழி சொல்ல வேண்டியிருக்கிறது. அது எவ்வாறு சொல்ல முயல்கிறது என்பதே இன்றைய எமது பொருள்.

இப்பொருளில் எமக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. திருவாரூர் வீதியில் தேரோட்டிச் சென்ற இளவரசன், தேர்க்காலில் ஒரு பசுக்கன்று அகப்பட்டு இறக்கக் காரணமானான். தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. தந்தையாகிய மனுநீதிச் சோழன், கன்று இறந்தவாறே தன் மகனும் இறத்தல் வேண்டும் என்று துணிந்தான். சேக்கிழார் பெரியபுராணத்தில் இதனை விரித்துரைக்கிறார். எமது நாட்டு மகாவம்சமும் அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாள மன்னனைப் பற்றி இத்தகைய ஒரு வரலாற்றைக் கூறுகின்றது. மகனின் தேர் வீதியிற் கிடந்த கன்றைக் கொன்றது. மன்னன் அதே தேர்ச்சக்கரத்தால் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்தான்.

இக்கதைகளின் நீதி பெரிது. அரசன் மகனும் சட்டத்துக்கு உட்பட்டவன் என்பது அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இளவரசன் எவ்வளவு வேகமாக ஓட்டினான், கன்றை அவன் கண்டிருக்கக் கூடுமா, கண்டும் அசட்டை செய்தானா என்பனவற்றால் தண்டனை மாறவில்லை. உயிருக்கு உயிர் என்ற அளவிலே தீர்ப்பு நின்றது. அதாவது விளைவு ஒன்றே நிறுக்கப்பட்டது. இக்காலச் சட்டமோ இரண்டு தராசுகளை வைத்திருக்கிறது. ஒன்றில் ஓட்டியவனின் குற்றத்தை நிறுக்கின்றது. மற்றதில் விளைந்த கேட்டை நிறுக்கின்றது. ஒருவன் மிகக் கொடிய முறையில் ஓட்டியும் ஒருவருக்கும் ஊறு நேராமற் போகலாம். இன்னொருவன் கணப்பொழுது கவனம் சிதறியதால் ஓர் உயிரே போகலாம். இவ்விருவரில் எவன் பெரிய குற்றவாளி? இக்கேள்விக்கு விடை காண்பதில் நாடுகள் பட்ட பாட்டை அறிந்தால், எமது ஊர் வழக்கும் விளங்கும்.

முதலில் எமது நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை உயிர்ப்பறிப்பைப் படிப்படியாக வகுத்திருக்கிறது. கொல்லும் எண்ணத்தோடு செய்வது கொலை. அதற்கு அடுத்த நிலையிலுள்ளது கொலை என்ற அளவை எட்டாத ஆட்கொலை. தன் செய்கையால் மரணம் நேரக்கூடும் என்று அறிந்துகொண்டே ஒருவன் அதனைச் செய்வதும் இந்நிலையில் அடங்கும். இவ்விரண்டுக்கும் கீழே 298ஆம் பிரிவு நிற்கிறது. எண்ணமும் இல்லாமல், அத்தகைய அறிவும் இல்லாமல், முன்பின் எண்ணாத துணிவாலோ கவனயீனத்தாலோ மரணம் விளைவிப்பதே அப்பிரிவு கூறும் குற்றம். அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையோ, தண்டப்பணமோ, இரண்டுமோ விதிக்கலாம். எமது ஊர் வழக்கு இப்பிரிவின் கீழேயே தொடுக்கப்பட்டது.

இதற்குப் புறம்பாக 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. ஓட்டும் முறையையே குற்றமாக்குவது இது. இதன் 151ஆம் பிரிவு மூன்று வகைகளைத் தனித்தனியே கூறுகிறது. மதுபோதையில் ஓட்டுதல் ஒன்று. கண்மூடித்தனமாகவோ அபாயகரமான முறையிலோ ஓட்டுதல் மற்றொன்று. கவனயீனமாகவோ, வீதியைப் பயன்படுத்தும் பிறரை மதியாமலோ ஓட்டுதல் மூன்றாவது. இவற்றுக்கு எவரும் இறக்கவேண்டியதில்லை. எவருக்கும் காயம் படவேண்டியதுமில்லை. ஓட்டிய முறையே போதும். ஆகவே ஒரே நிகழ்ச்சியில் ஒரு சாரதி மேல் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழும் குற்றங்கள் சாட்டப்படுவதை நாம் காண்கிறோம். முன்னது அவன் எவ்வாறு ஓட்டினான் என்று கேட்கிறது. பின்னது அதனால் என்ன நேர்ந்தது என்று கேட்கிறது.

இவ்வகுப்பு எப்படி உருவாயிற்று என்பதை அறிய இங்கிலாந்துக்குச் செல்லவேண்டும். மோட்டார் வண்டியை வீதிக்கு விட்டுச் சட்டத்தைப் பின்னால் ஓடவிட்ட நாடு அது. 1903ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் கண்மூடித்தனம், கவனயீனம், அபாயம் ஆகிய மூன்றையும் ஒரே குற்றமாகக் கட்டி வைத்தது. வேகமும் மணிக்கு 20 மைலுக்கு மேற்படலாகாது என்றது. 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டமே, அபாயகரமாக ஓட்டுதல் வேறு, கவனயீனமாக ஓட்டுதல் வேறு என்று பிரித்தது. ஆனால் உயிர் போனால் என்ன செய்வது என்பதற்கு அச்சட்டத்தில் விடை இருக்கவில்லை. பழைய ஆட்கொலைக் குற்றமே அதற்குக் கிடந்தது.

1937ஆம் ஆண்டில் இது பிரபுக்கள் சபைக்கு வந்தது. வேகமாக முந்திச் சென்று ஒரு பாதசாரியைக் கொன்ற சாரதியின் வழக்கு அது. நீதியரசர் அற்கின் பிரபு அதிலே ஒரு படிவரிசையைக் காட்டினார். சாதாரணக் கவனக்குறைவு நட்டஈட்டு வழக்குக்குப் போதும். ஆனால் ஒருவனை ஆட்கொலைக் குற்றவாளி ஆக்குவதற்கு அது போதாது. அதற்கு மிக உயர்ந்த அளவு கவனயீனம் நிரூபிக்கப்படல் வேண்டும். வீதிச் சட்டத்தின்படி அபாயகரமாக ஓட்டியவன் என்று காணப்பட்டவனும், அதனாலேயே ஆட்கொலை செய்தவன் ஆகிவிடமாட்டான் என்றார். அந்தச் சாரதியின் தண்டனை உறுதிசெய்யப்பட்டது. ஆனால் அவர் வகுத்த படி நிலைத்துவிட்டது.

அதன்பின் ஒரு புதுத் தொல்லை எழுந்தது. யூரிமார் சாரதிகளை ஆட்கொலைக் குற்றவாளிகள் என்று தீர்க்கத் தயங்கினர். அந்தச் சொல்லே அவர்களுக்குப் பாரமாயிற்று. கூண்டில் நிற்பவனின் இடத்தில் தம்மையே வைத்துப் பார்த்தார்கள் போலும். ஆகவே 1956ஆம் ஆண்டில் அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்தல் என்ற புதுக் குற்றம் சட்டத்திற் புகுந்தது. ஐந்தாண்டுச் சிறை அதன் உச்சத் தண்டனை. பெயரிலிருந்து கொலை என்ற சொல் போயிற்று. மரணம் மட்டும் நின்றது. எமது ஊர்த் தாயார் அழுது கேட்ட கேள்விக்கு இங்கிலாந்து 1956இல் அளித்த விடை இது எனலாம்.

அப்பால் 1977ஆம் ஆண்டில் அபாயம் என்ற சொல்லை நீக்கிக் கண்மூடித்தனம் என்ற சொல்லை மட்டும் வைத்தார்கள். சாரதியின் மனத்துள் என்ன இருந்தது என்று ஆராய்வதிலேயே நீதிமன்றங்கள் இடர்ப்பட்டன. 1991ஆம் ஆண்டின் சட்டம் அதனை மாற்றி, மனத்தை விட்டு ஓட்டத்தை நோக்கும்படி செய்தது. அந்த அளவுகோல் இன்றும் நிற்கிறது, மிகவும் எளியது. தகுதியும் கவனமும் உள்ள ஒரு சாரதியை மனத்தில் நிறுத்துங்கள். அவனிடத்தில் எதிர்பார்க்கும் தரத்துக்குக் கீழே ஓட்டினால் அது கவனயீனம். அத்தரத்துக்கு மிகமிகக் கீழே ஓட்டி, அப்படி ஓட்டுவது ஆபத்து என்பது அத்தகைய சாரதிக்குத் தெட்டத்தெளிவாகத் தெரியக்கூடியதாயும் இருந்தால் அது அபாயகரம். கீழே என்பதற்கும் மிகக் கீழே என்பதற்கும் உள்ள இடைவெளியிலேதான் ஒரு மனிதனின் பல ஆண்டுச் சிறை தங்கியிருக்கிறது.

அந்த இடைவெளியைத் தண்டனைகளிற் காண்போம். இங்கிலாந்தில் வெறும் கவனயீனத்துக்குச் சிறையில்லை. தண்டப்பணமும், அனுமதிப்பத்திரத்தில் மூன்று முதல் ஒன்பது வரை குற்றப் புள்ளிகளும் உண்டு. எவருக்கும் ஊறு நேராத அபாயகரமான ஓட்டத்துக்கு இரண்டு ஆண்டுவரை சிறை. குறைந்தது ஓராண்டாவது ஓட்டும் உரிமை பறிபோகும். பின்பு நீண்ட பரீட்சையில் மீண்டும் தேறவேண்டும். அபாயகரமாக ஓட்டிப் படுகாயம் விளைவித்தால் ஐந்து ஆண்டுவரை சிறை. 2012இல் வந்த குற்றம் இது. கவனயீனத்தாற் படுகாயம் விளைவித்தலுக்கு இரண்டு ஆண்டு. இது 2022இல் நடைமுறைக்கு வந்தது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தலுக்கு ஐந்து ஆண்டு. இது 2008இல் நடைமுறைக்கு வந்தது. அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்தலின் உச்சத் தண்டனையோ, ஐந்து ஆண்டில் தொடங்கி, 1993இல் பத்து, 2004இல் பதினான்கு என ஏறி, 2022இல் ஆயுட்சிறையாயிற்று. குடிபோதையிற் கவனயீனமாக ஓட்டி மரணம் விளைவித்தவனுக்கும் அதே ஆயுட்சிறை விதிக்கலாம்.

இந்த எண்களில் ஒரு பாடம் உண்டு. 2008க்கு முன்னர், போதை முதலிய வேறு குற்றமொன்றும் சேராவிடின், கணநேரக் கவனயீனத்தால் உயிர் போனாலும் சாரதிக்குக் கிடைத்தது கவனயீனத்தின் தண்டப்பணமே. குற்றத் தராசை மட்டும் பார்த்த காலம் அது. இறந்தவரின் குடும்பத்தார், எங்கள் உயிரின் விலை இதுதானா என்று கேட்டனர். எமது ஊர் மகள் கேட்ட அதே கேள்வி. அதன் பின்னரே சட்டம் விளைவுத் தராசையும் கையில் எடுத்தது. மனுநீதிச் சோழனின் பசு அடித்த மணியோசை அங்கும் கேட்டது என்று சொல்லலாம் அல்லவா?

இளைஞர்களுக்கு இன்னுமொரு வழக்கைச் சொல்லவேண்டும். 1938இல் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஒருவர் மேற் கவனயீனக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் தம்மால் இயன்ற திறமையெல்லாவற்றையும் பயன்படுத்தினார், புதியவராதலால் அதற்குமேல் இயலவில்லை என்று வாதிக்கப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தரம் ஒன்றே, புதியவனுக்கென்று தாழ்ந்த தரம் இல்லை என்றது. வீதியில் நடந்து போகும் கிழவர், எதிரே வருபவன் நேற்றுப் பழகியவனா, இருபதாண்டு அனுபவமுடையவனா என்று எப்படி அறிவார்?

அயல்நாடாகிய இந்தியா வேறொரு பாடம் தருகிறது. அங்கே 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் கவனயீன மரணத்துக்கென்று பிரிவே முதலில் இருக்கவில்லை. 1870இல் 304அ என்ற பிரிவாகச் சேர்த்தார்கள். உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு. 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பம்பாயின் பாந்திராப் பகுதியில், விடியுமுன் ஒரு கார் நடைபாதையில் ஏறி, அங்கே உறங்கிய கூலித் தொழிலாளரில் ஏழு பேரைக் கொன்றது. எட்டுப் பேர் காயமுற்றனர். ஓட்டிய இளைஞன் மது அருந்தியிருந்தான். கீழ் நீதிமன்றம் கவனயீன மரணம் என்று கண்டு ஆறு மாதச் சிறை விதித்தது. மேல் நீதிமன்றமோ, குடித்துவிட்டு இப்படி ஓட்டுபவனுக்கு உயிர் போகக்கூடும் என்ற அறிவு இருந்தது என்று கொண்டு, ஆட்கொலைக் குற்றமாக உயர்த்தி மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அறியாமற் செய்ததற்கும் அறிந்துகொண்டே செய்ததற்கும் இடையிலான சுவர், ஒரு மதுப் போத்தலால் உடைந்துபோவதை இங்கே காண்கிறோம்.

2024ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி அங்கு நடைமுறைக்கு வந்த புதிய நியாய சங்கிதை, கவனயீன மரணத்துக்குரிய தண்டனையை ஐந்து ஆண்டாக உயர்த்திற்று. மோதிய பின் எவருக்கும் அறிவிக்காமல் ஓடிப்போகும் சாரதிக்குப் பத்து ஆண்டு என்றும் ஓர் உட்பிரிவை எழுதிற்று. இதைக் கேட்டு அவ்வாண்டின் தொடக்கத்திலேயே லொறிச் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தனர். நின்றால் கூட்டம் அடித்துக் கொன்றுவிடும், ஓடினாற் பத்து ஆண்டா என்பது அவர்களின் முறைப்பாடு. சங்கிதை நடைமுறைக்கு வந்தபொழுது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. சட்டத்தைக் கடுமையாக்கினாற் போதாது, சனங்களும் திருந்தவேண்டும் என்பதற்கு இது சான்று. விபத்து நடந்த இடத்திற் சாரதியை அடிக்கக் கை ஓங்குபவன், அடுத்த சாரதியை ஓடச் செய்கிறான். ஓடும் சாரதி, காயப்பட்டவரை வீதியிற் சாகவிடுகிறான்.

பெரியோர்களே, இனி எமது ஊருக்குத் திரும்புவோம்.

அந்த மகளுக்கு நாம் சொல்லக்கூடியது இது: அம்மா, நீதிமன்றம் உங்கள் தந்தையாரின் உயிருக்கு விலை பேசவில்லை. அது ஓட்டியவனின் குற்றத்தையே அளந்தது. அந்த உயிரால் உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த நட்டத்தைக் கேட்பதற்கு வேறு நீதிமன்றமும் வேறு வழக்கும் உண்டு. அந்தத் தாயாருக்குச் சொல்லக்கூடியது இது: அம்மா, உங்கள் பிள்ளை கொலைகாரன் அல்லன், சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவன் குற்றமற்றவன் என்றும் சட்டம் சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலேதான் அவன் தன் வாழ்நாளைக் கழிக்கவேண்டும்.

இவ்வளவும் சொன்ன நாம் எம்மைப் பற்றியும் ஒன்று சொல்லாவிட்டால் நேர்மையாகாது. இரண்டு ஆண்டுக்கு முன், திருவிழா முடிந்து நள்ளிரவில் மூவர் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்தோம். முன் விளக்கு மங்கியிருந்தது. பேச்சும் சிரிப்புமாக வந்த எமக்கு, மதகடியிற் குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு வீதியைக் கடந்த பெண்மணி தெரியவில்லை. ஒரு சாண் இடைவெளியில் அவரைக் கடந்து போனோம். அவர் ஏசவுமில்லை, குழந்தையை அணைத்தபடி நின்றார். அடுத்த நாள் நாம் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லித் திரிந்தோம்.

எமது நண்பன் ஓட்டியதற்கும் நாம் ஓட்டியதற்கும் என்ன வித்தியாசம்? குற்றத் தராசில் வைத்தால் எமது தட்டே கீழே இறங்கும். விளைவுத் தராசில் வைத்தால் எமது தட்டில் ஒன்றுமேயில்லை. ஒரு சாண் இடைவெளி அவனை 298ஆம் பிரிவிலும் எம்மை இந்த மேடையிலும் நிறுத்தியிருக்கிறது. இதை உணர்ந்த நாளிலிருந்து அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள எமக்கு மனம் வரவில்லை. அந்த மகளின் வீட்டைத் தலைநிமிர்ந்து கடந்து போகவும் மனம் வரவில்லை.

எல்லாள மன்னனைப் பற்றி மகாவம்சம் கூறும் இன்னொரு செய்தியுடன் முடிக்கிறோம். ஒருமுறை அம்மன்னனே இரதத்திற் செல்கையில், அவன் எண்ணாமலே நுகத்தின் நுனி ஒரு தூபியிற் பட்டுப் பதினைந்து கற்கள் உடைந்தன. மன்னன் கீழே குதித்து வீதியிற் படுத்து, என் தலையையும் இச்சக்கரத்தால் அறுத்துவிடுங்கள் என்றான். மகனுக்கு வைத்த சட்டத்தைத் தனக்கும் வைத்தான். அமைச்சர்களோ, பிறரைத் துன்புறுத்துவதை எங்கள் ஆசான் விரும்பார், உடைந்ததைத் திருத்தித் தாருங்கள் என்றார்கள். அவன் பதினையாயிரம் காசு செலவிட்டு அந்தப் பதினைந்து கற்களையும் மீண்டும் பதிப்பித்தான்.

கல்லென்றால் மீண்டும் பதிக்கலாம். கன்றையும் மனிதரையும் மீண்டும் எழுப்ப எந்த அரசனாலும் எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. சட்டம் எப்பொழுதும் விபத்துக்குப் பின்னரே வருகிறது. அதற்கு முன்னர் வரக்கூடியவர்கள் நாமே. ஆகவே இளைஞர்களே, மோட்டார் சைக்கிளை எடுக்குமுன் விளக்கைப் பாருங்கள். மூன்றாமவனை ஏற்றாதீர்கள். குடித்தவன் கையிலிருந்து திறப்பைப் பறித்துக்கொள்ளுங்கள். அவன் கோபித்தாற் கோபிக்கட்டும். பெரியோர்களே, பிள்ளை பரீட்சையிற் தேறினான் என்று மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்குமுன், அவன் பின்னால் ஒருமுறை ஏறியிருந்து போய்ப் பாருங்கள். அவன் எவ்வாறு ஓட்டுகிறான் என்று கேட்கும் முதல் நீதிபதி நீங்களாக இருங்கள்.